அந்த இடுக்கை அப்படியே விட்டுருங்க

வாங்க சார், உள்ள வாங்க. குனிஞ்சு வாங்க, நெலை தலையில தட்டும். இந்த நாற்காலில உக்காருங்க. ஒரு காலு கொஞ்சம் ஆடும், சுவத்தோட சாச்சுக்கிட்டா ஒண்ணும் செய்யாது. நீங்கதான அச்சு மெசினு கம்பெனி இன்ஜினியரு? போர்மேன் தேவசகாயம் காலையிலயே போன் போட்டுச் சொல்லிட்டாரு. மெட்ராஸ்லருந்து ஒரு சார் வந்துருக்காரு, ஒன் வீட்டுக்காரரப் பாக்கணுங்கிறாரு, வீட்லயே இருக்கச் சொல்லுன்னு. இருக்காக சார், எங்க போகப் போறாக. இந்தத் திரைக்கு அங்கிட்டுத்தான் படுத்துருக்காக. இப்பத்தான் கண்ணசந்தாக, எழுப்ப வேணாம். எதுன்னாலும் என்கிட்டக் கேளுங்க. அவுக வந்து சொல்லிச் சொல்லி அந்த மெசினு எனக்கும் பாதி தெரியும்.

ஆனா நீங்க கேக்கிறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேட்டுக்கிறேன். அந்த இடுக்கை அகலமாக்காதீங்க சார். ஒங்களக் கும்புட்டுக் கேக்கிறேன். மெசினுக்கு வேற என்ன வேணா பண்ணுங்க. புது ரோலரு மாட்டுங்க, பெயிண்ட் அடிங்க, லைட்டுப் போடுங்க. அந்த ரெண்டு யூனிட்டுக்கும் நடுவுல இருக்கிற இடுக்கை மட்டும் அப்படியே விட்டுருங்க.

என்ன சார் இப்படிப் பாக்கிறீக? கிறுக்கு பிடிச்ச பொம்பளைன்னு தோணுதா? தண்ணி குடிங்க. குடிச்சுக்கிட்டே கேளுங்க.

ஒங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்றேன். ரிங் ரோட்டுல அந்தப் பேப்பர் ஆபீசு மெசினு மூணு மாடி ஒசரம். ராத்திரி பூராம் ஓடும், பகல்ல தூங்கும். அது தூங்குறப்பதான் எங்க வீட்டுக்காரருக்கு வேலை. ரெண்டு யூனிட்டும் ஒண்ணுக்கொண்ணு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குதுல்ல, சண்டை போட்ட பங்காளிக மாதிரி? அதுக்கு நடுவுலதான் இந்த இடுக்கு. காகிதம் அறுந்துச்சுன்னா உள்ள போயி உருளையில சுத்திக்கிரும். அத வெட்டி எடுக்கணும். பின்பக்கம் கிரீஸ் வைக்கணும், காஞ்சு போன மையச் சொரண்டணும். எல்லாத்துக்கும் இடுக்குக்குள்ள போனாத்தான் கை எட்டும். அந்த மெசினச் செஞ்சது ஒங்க கம்பெனிதான சார்? செய்யிறப்ப, இதுக்குள்ள ஒரு மனுசன் போகணுமேன்னு ஒருத்தருக்கும் தோணலையா? நான் கொறை சொல்லலை. எந்த மகராசன் மறந்தாரோ, அவரு மறந்ததுலதான் நாங்க சோறு திங்கிறோம். சோறுன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

அவுக அங்க வேலைக்குப் போனது காகித ரீலு உருட்டத்தான். ரீலு ஒவ்வொண்ணும் எருமை கனம் கனக்கும். இவுக ஒடம்புக்கு அது ஆகுமா? தள்ளுனா ரீலு நகராது, இவுகதான் பின்னாடி நகருவாக. எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிப்பாகளாம். மேஸ்திரி, நாளையிலருந்து நீ வர வேணாம்ப்பான்னு சொல்லிப்புட்டாரு. அன்னைக்குன்னு பாத்து காகிதம் உள்ள போயிச் சுத்திக்கிருச்சு. பக்கத்துத் தகட்டையெல்லாம் கழட்டித்தான் எடுக்கணும், கழட்டி மாட்டுறதுக்குள்ள பொழுது போயிரும். மேனேஜரு தலையில கைய வச்சுக்கிட்டு நிக்கிறாரு. தேவசகாயம் சுத்திமுத்தியும் பாத்துருக்காரு. இவுக ஓரமா, துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு, வீட்டுக்குக் கெளம்ப நின்னுருக்காக.

'ஏய், ஒன் பேரென்ன, சோணைமுத்துவா? இங்க வா. இதுக்குள்ள போவியா?'ன்னு கேட்டுருக்காரு.

இவுக சட்டையக் கழட்டுனாக, ஒருக்களிச்சு நின்னாக, மூச்ச பூராம் வெளிய விட்டாக, சர்ருன்னு உள்ள போயிட்டாக. எல்லாரும் வாயப் பொளந்துட்டாக. அன்னையிலருந்து இவுகதான். அங்க போயி சோணைமுத்துன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, பல்லின்னாத்தான் தெரியும். மேனேஜரு முதக்கொண்டு பல்லியக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாரு. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லை. ரீலு உருட்டுறவனுக்கெல்லாம் யாரு சார் பட்டப்பேரு வச்சுக்கிட்டுருக்கா?

எனக்குக் கல்யாணம் பேசுனப்ப எங்கம்மா அழுதுச்சு. மாப்பிள்ளை வேட்டிக்குள்ள இருக்காரா, இல்லை வேட்டி மட்டும் நிக்கிதான்னு எங்க சின்னம்மா கேட்டுச்சு, அவுக காது படவே. எந்த ஒடம்பப் பாத்துச் சிரிச்சாகளோ அந்த ஒடம்புதான் எங்க சொத்து. மத்தவுகளுக்குக் கையில தொழிலு இருக்கும், தலையில படிப்பு இருக்கும். இவுகளுக்கு ஒண்ணும் தெரியாது சார், உள்ளதச் சொல்றேன். ஸ்குரூவ எந்தப் பக்கம் திருகணும்னு கேட்டாக்கூட நின்னு யோசிப்பாக. தேவசகாயம் வெளிய இருந்து, இடது கைய்யி, இன்னும் மேல, ஆங் அதுதான்னு சத்தம் குடுப்பாரு, இவுக செய்வாக. அவுகளுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை ஒல்லியா இருக்கிறது.

அது லேசுன்னு நெனைக்கிறீகளா? ஒல்லியாப் பெறக்கிறது லேசு. ஒல்லியாவே இருக்கிறது பெரும்பாடு. கல்யாணமான புதுசு, நானும் வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டேன். கருவாட்டுக் கொழம்பு வச்சா ரெண்டு தெரு மணக்கும் சார் என் கைக்கு. மனுசனுக்கு ஒடம்புல ஒட்ட ஆரம்பிச்சுச்சு. ஒரு நாளு வந்து, இன்னைக்கு இடுக்குல வயிறு ஒரசுச்சு பஞ்சவர்ணம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாக. அவுகளுக்குச் சிரிப்பு, எனக்கு வேலை போயிருமோன்னு பயம். அன்னைக்கு வச்ச கொழம்ப அப்படியே தூக்கிப் பக்கத்து வீட்டு ராக்கம்மாகிட்டக் குடுத்துட்டேன்.

அந்த வருசம் ஆயுத பூசைக்கு மெசினுக்குப் பொட்டு வைக்கக் குடும்பத்தோட வரச் சொன்னாக. எல்லாப் பொம்பளைகளும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கிட்டு மெசின அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கிதுக. நான் மட்டும் நேரா அந்த இடுக்குக்குப் போனேன். சந்தனத்த அப்புற மாதிரி குனிஞ்சு, என் முந்தானைய இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் வரைக்கும் இழுத்துப் பிடிச்சேன், அளவு முடிஞ்ச எடத்துல ஒரு முடிச்சுப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் பீரோவ நகத்தி, சுவத்துக்கும் அதுக்கும் நடுவுல முந்தானையப் பிடிச்சு, முடிச்சு வரைக்கும் எடம் விட்டு நிப்பாட்டிட்டேன். வந்ததுலருந்து அந்தப் பீரோவத்தான பாத்துக்கிட்டுருக்கீக, ஏன் இப்படித் தள்ளி நிக்குதுன்னு? அதுதான் சார் சங்கதி. நீங்க டேப்பு வச்சு அளந்து பாருங்க, ஒரு நூலு கூடக் கொறைய இருக்காது.

காலையில பல்லு வெளக்கிட்டு வந்தாகன்னா, பீரோவுக்குப் பின்னாடி நொழைஞ்சு அந்தப் பக்கம் வரணும். ஒரசாம வந்தா இட்லி. ஒரசுனா நீராகாரம். வெளையாட்டாத்தான் ஆரம்பிச்சோம். அந்தப் பக்கத்துலருந்து தலைய மட்டும் நீட்டி, இட்லி எங்கடின்னு கேப்பாக. எனக்கு அப்படிச் சிரிப்பு வரும். பொறவு பொறவு சிரிப்பெல்லாம் போயிருச்சு, ஆனா பீரோ நின்ன எடத்துலயேதான் நிக்கிது.

நான் மட்டும் மூக்குப் பிடிக்கத் தின்னேன்னு நெனைக்காதீங்க. அவுக வயித்தக் கட்டிப்போட்டுட்டு எனக்கு எறங்குமா? அவுகளுக்குக் கூழுன்னா எனக்கும் கூழு. ஞாயித்துக்கெழமை ராக்கம்மா வீட்ல கறி வேகும், நான் எந்திரிச்சு சன்னலச் சாத்திருவேன். அவுக சாத்துன சன்னலப் பாத்துக்கிட்டே உக்காந்துருப்பாக. கல்யாண வீட்டுக்குப் போனா பந்தியில அவுக பக்கத்துலதான் உக்காருவேன், ஆம்பளைக பந்தியா இருந்தாலும் சரி. இலையில ரெண்டாந்தரம் சோறு விழுந்துச்சுன்னா தொடையில ஒரு கிள்ளு. சோத்த அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுருவாக. ஒரு தரம், என் நாத்தனா மக கல்யாணத்துல, பாயசத்தப் பாத்துக்கிட்டு அவுக கண்ணுல தண்ணி நின்னுச்சு. புகைன்னு சொன்னாக. நானும் புகைன்னே வச்சுக்கிட்டேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை சார். அவுக ஒடம்பத்தான் நான் பிள்ளை மாதிரி வளத்தேன். வளத்தேன்னு சொல்லக் கூடாது, வளராமப் பாத்துக்கிட்டேன்.

இம்புட்டும் பண்ணி, இந்த வருசம் ஏமாத்திப்புட்டாக. ஆமா, ஏமாத்துதான், வேற என்ன சொல்ல? ஆடி மாசத்துலருந்து வயிறு வைக்க ஆரம்பிச்சுச்சு. மொதல்ல பீரோவுல லேசா ஒரசுச்சு. இட்லிய நிப்பாட்டுனேன். இன்னும் ஒரசுச்சு. கூழப் பாதியாக்குனேன். நான் கொறைக்கக் கொறைக்க அது ஏறுது. கையும் காலும் குச்சியாக் கெடக்கு, நெஞ்செலும்ப எண்ணிப்புடலாம், வயிறு மட்டும் பானையாட்டம். வீட்ல ஒண்ணும் இல்லைன்னா வெளியதான திங்கணும்? எங்கயோ திருட்டுத்தீனி நடக்குதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

கேட்டா இல்லைங்கிறாக. தலையில அடிச்சு சத்தியம் பண்றாக. ஆம்பளை பண்ற சத்தியத்த எவ நம்புவா? பேப்பர் ஆபீசுக்கு எதுத்தாப்புல மீரான் பாய் பரோட்டாக் கடை இருக்கு. நேராப் போயிட்டேன். கடை நெறைய ஆளு. ஏன் பாய், எங்க வீட்டுக்காரருக்கு பரோட்டாப் போட்டு என் பொழப்பக் கெடுக்கிறியே, நல்லாருப்பியான்னு கத்துனேன். அவரு கல்லுல கெடந்த பரோட்டாவ அப்படியே கருக விட்டுட்டு வந்து நின்னாரு.

'அம்மா, அல்லா மேல ஆணை, பல்லி என் கடைப் படியேறி ஒரு வருசமாச்சு. டீகூட வேணாங்கிறாரு. பாத்தாலே குமட்டுதுன்னு சொல்றாரு'ன்னாரு.

எப்படிச் சாதிக்கிறாரு பாத்தீகளா? யாவாரி வேற எப்படிப் பேசுவான். அந்தக் கடை வாசல்லயே மண்ணள்ளித் தூத்திட்டு வந்துட்டேன். தப்புன்னு சொல்றீகளா? என் எடத்துல இருந்து பாருங்க சார்.

தீவாளி வந்துச்சு. பேப்பரு கனமா வரும், பக்கத்துக்குப் பக்கம் வெளம்பரம், மெசினுக்கு ஓய்வே கெடையாது. அப்பதான் காகிதம் அடிக்கடி அறுகும். காலையிலயே தேவசகாயம் போன் போட்டுட்டாரு, பல்லிய வெரசா அனுப்பு, உள்ள சுத்திக்கிருச்சுன்னு. இவுக பீரோகிட்ட நின்னுக்கிட்டு, இன்னைக்கு வேணாம் பஞ்சவர்ணம், முடியலைன்னாக. எனக்கு வந்துச்சே கோவம். தின்னப்ப முடிஞ்சுச்சோன்னு கேட்டேன். என் பழைய சேலையக் கிழிச்சு, வயித்துல சுத்தி, முழங்காலக் குடுத்து இறுக்கிக் கட்டிவிட்டேன். வலிக்குதுடின்னாக. வலிச்சாத்தான் அடங்கும்னேன். பீரோவுக்குப் பின்னாடி போகச் சொன்னேன், ஒருவழியாப் போயி வந்துட்டாக. பாத்தீகளா, முடியுதுல்லன்னு சொல்லி அனுப்பிவிட்டேன்.

போனாக. இடுக்குக்குள்ளயும் போயிட்டாக. சுத்துன காகிதத்த பூராம் வெட்டி வெளிய எறிஞ்சுட்டாக, வேலையில ஒரு கொறை சொல்ல முடியாது. திரும்பி வர்றப்ப கட்டு அவுந்துருச்சு. வயிறு அப்படியே ரெண்டு பக்கமும் அடைச்சுக்கிருச்சு. மூச்ச வெளிய விட்டாத்தான் நகர முடியும், மூச்சு வெளியயும் போகலை, உள்ளயும் வரலை. கையப் பிடிச்சு இழுத்துருக்காக. தேவசகாயம் சோப்புத் தண்ணியக் கரைச்சு ஊத்திப் பாத்தாராம். கடைசியில தகட்டையெல்லாம் கழட்டித்தான் எடுத்தாக. மாட்டி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சே போச்சு. மறுநா ஊருக்கே பேப்பரு லேட்டு. எங்க தெரு டீக்கடையில உக்காந்து, என்னடா இன்னும் பேப்பரக் காணோம்னு சத்தம் போடுறாக. எனக்கு எங்கயாவது ஓடிப் போயிரலாம் போல இருந்துச்சு. மதுரை பூராம் எங்க வீட்டுக்காரரு வயித்தால பேப்பரு இல்லாம உக்காந்துருக்கு சார்!

வீட்டுக்கு வந்ததும் அவுக பாய்ல சாஞ்சுட்டாக. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக. நான் உள்ள இருக்கிறப்ப மறந்து போயி மெசின ஓட்டிவிட்டா எப்படி இருக்கும் பஞ்சவர்ணம்னு. அதெல்லாம் கரண்ட அமத்திட்டுத்தான உள்ள அனுப்புறாக, கிறுக்குத்தனமாப் பேசாதீகன்னு திட்டிட்டுப் படுத்துட்டேன்.

அதுலருந்து அவுக வீட்லதான். வயிறு வத்துனதும் வந்துருவாக, எடத்த மட்டும் வேற ஆளுக்குக் குடுத்துறாதீகன்னு தேவசகாயத்துகிட்ட எத்தனையோ தரம் சொல்லி வச்சுருக்கேன். அவரு ஒரு நாளு வந்தாரு. இதே நாற்காலிலதான் உக்காந்தாரு. மொகமெல்லாம் சிரிப்பு. பஞ்சவர்ணம், இனிமே கவலையே இல்லை, மெசினு கம்பெனிக்காரவுக வந்து அடியில தண்டவாளம் போடப் போறாக, யூனிட்டயே தள்ளி வைக்கலாம், நடுவுல ஒரு ரூம்பு மாதிரி ஆயிரும், நின்னுக்கிட்டு வேலை பாக்கலாம், இனி யாரு வேணாலும் உள்ள போகலாம்னாரு. கல்யாணப் பத்திரிகை குடுக்கிற மாதிரி சொல்றாரு! யாரு வேணாலும் போகலாம்னா அவுக எதுக்கு சார்? சொல்லுங்க, அவுக எதுக்கு? ஊர்ல இருக்கிற தொந்திக்காரனெல்லாம் வெத்தலை போட்டுக்கிட்டு உள்ள போயி வருவான். என் வீட்டுக்காரரு இம்புட்டு வருசம் பட்டினி கெடந்தது எதுக்கு?

என்னது? அவுக உள்ள போயி எங்கெங்க கைய வைப்பாக, எங்க கால ஊனுவாகன்னு கேக்கவா வந்தீக? அந்தந்த எடத்துல படியும் கைப்பிடியும் வைக்கவா? நல்லாருக்கு சார். அவுக உள்ள போற வழியக் கேட்டு எழுதிக்கிட்டு, அவுகள வெளிய தள்ளப் போறீக.

கோவிச்சுக்காதீங்க. நான் பேசுறது அப்படித்தான் இருக்கும். எனக்கு ஒரு மாசம் குடுங்க சார், ஒரே ஒரு மாசம். வயித்த வத்த வச்சுக் காட்டுறேன். இப்ப தண்ணியையும் கொறைச்சுட்டேன். வெறும் கொள்ளுத் தண்ணி ரெண்டு மடக்கு, அவ்வளவுதான். திருட்டுத்தீனிக்கும் வழியில்லை, வாசல்லயே நான் உக்காந்துருக்கேன். ஆனா பாருங்க, இன்னும் எறங்க மாட்டேங்குது. அதுதான் எனக்குப் புரிய மாட்டேங்குது.

எங்க சார் எந்திரிக்கிறீக? அந்தச் சத்தமா? அது ஒண்ணுமில்லை, எருமல். மை தூசி தொண்டையில இருக்கும்ல, கலரு கலராத் துப்புவாக. சார், திரையத் தூக்காதீங்க. சார்!

சரி, பாத்துட்டீக. பாருங்க. கையையும் நெஞ்செலும்பையும் பாத்து மலைச்சுப் போயிராதீங்க, அவுக எப்பவுமே ஒல்லிதான். வயித்தப் பாருங்க, அதுதான் மானத்த வாங்குது. காலா? வீங்கித்தான் இருக்கு. ஒருக்களிச்சே நின்னு நின்னு பாத்த வேலை, ரத்தம் எறங்கிருச்சு. அமுக்குனா குழி விழும், கொஞ்ச நேரத்துல தானா நெரம்பிரும். அமுக்காதீங்க சார், வலிக்கும் அவுகளுக்கு.

கண்ணு மஞ்சளா இருக்குன்னு ராக்கம்மாளும் சொன்னா. அது மையி சார். நாலு கலரு மை ஓடுதுல்ல, செவப்பு, நீலம், கருப்பு, மஞ்ச? மஞ்ச மை லேசுல போகாது. சட்டையில பட்டாக்கூட எத்தனை தரம் வெளுத்தாலும் நிக்கும். கண்ணுல பட்டா நிக்காதா? அவுக வேலைக்குப் போயி நாளாச்சா? ஆமா, தீவாளியிலருந்து போகலைதான். அதான் சொல்றேனே, லேசுல போகாதுன்னு.

ஆஸ்பத்திரியா? வேணாம் சார். கேக்காதீங்க. எனக்குத் தெரியும் அங்க என்ன செய்வாகன்னு. படுக்க வச்சு மொத வேலையா குளுக்கோஸ் ஏத்துவாக. எங்க மாமாவுக்கு ஏத்துனப்பப் பாத்தேன், மூஞ்சியெல்லாம் உப்பி வீட்டுக்கு வந்தாரு. இருக்கிற வயிறு பத்தாதுன்னு அது வேறயா? அப்பறம் இந்த ஜென்மத்துல இடுக்குக்குள்ள போவாகளா அவுக? நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீக, ஒங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. வெளிய வண்டி நிக்குதுங்கிறீக, நானே கூட்டிட்டுப் போறேங்கிறீக. பெரிய மனசு சார்.

சரி. வர்றோம். நீங்க சொன்னதுக்காக வர்றோம். ஆனா நீங்க எனக்கு ஒரு வார்த்தை குடுக்கணும். அந்த இடுக்கை விட்டுர்றேன்னு, இங்க, என் முன்னாடி சொல்லணும். சொல்லுங்க, இப்பவே அவுகளத் தூக்கிட்டு வர்றேன். தூக்கிருவேன் சார், கனமே இருக்காது.

ஏன் சார் தலையக் குனிஞ்சுக்கிறீக?

என்ன சொல்றீக? முடிஞ்சுபோச்சா? எப்ப? நேத்தா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லைன்னுல்ல போன வாரம் தேவசகாயம் போன்ல சொன்னாரு. தண்டவாளம் போட்டாச்சா? தள்ளிப் பாத்தாச்சா? படியும் கைப்பிடியும்தான் பாக்கியா? இம்புட்டு நேரமா நான் கத்திக்கிட்டு இருந்தேனே சார், வந்ததும் சொல்லிருக்கலாமே. எம்புட்டு அகலம்? ரெண்டு பேரு தோளோட தோளு நிக்கலாமா? நின்னீகளா நீங்க? ஒங்க ஒடம்புக்கே எடம் இருந்துச்சா?

அப்ப பல்லி வேணாம். சரி.

இல்லை சார், அழுகலை. கண்ணு எரியுது.

இருங்க, ஒண்ணு கேக்கிறேன். இப்ப அந்த எடத்துக்குள்ள, இதே வயித்தோட அவுக போகலாமா? ஒரசாதா? எங்கயுமே ஒரசாதா? அவுக எம்புட்டுத் தின்னாலும் ஒரசாதா? வேலை குடுப்பாகளா இல்லையான்னு மேனேஜரத்தான் கேக்கணுங்கிறீக. கேட்டுக்கலாம். அது கெடக்கட்டும். நான் கேக்கிறது வேற.

மீரான் பாய் ஆளுக முன்னாடி அல்லா மேல ஆணைன்னு சொன்னாரு. இவுகளும் தலையில அடிச்சு சொன்னாக. நானும் வாசலவிட்டு எந்திரிக்கலை. அவுக ஒண்ணுமே திங்கலைன்னா, அந்த வயித்துல இருக்கிறது என்ன சார்? என்ன இருக்கு அதுல? நீங்க படிச்சவுக, சொல்லுங்க. வேணாம், சொல்லாதீங்க. அங்க போயி டாக்டரு சொல்லட்டும்.

கொஞ்சம் பொறுங்க. வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு வாயி ஊட்டிவிட்டுர்றேன். ராக்கம்மா! ஏ ராக்கம்மா! ஒலையில சோறு கெடக்கா? ஒரு கிண்ணத்துல போடு, மேல கொழம்ப ஊத்து. எனக்கு இல்லடி, அவுகளுக்குத்தான். ஆமா, அவுகளுக்குத்தான், குடு. என்ன கொழம்பா இருந்தா என்ன, நெறையா ஊத்து.

ஏங்க... ஏங்க, கண்ணத் தொறங்க. இங்க பாருங்க, சோறு. நெசமாத்தான். கொழம்பு ஊத்திப் பெசஞ்சுருக்கேன், சூடா இருக்கு. வாயத் தொறங்க. ஒரு வாயிதான். தொறங்களேன். ஏன் மூஞ்சிய அங்கிட்டுத் திருப்புறீக? நான் ஒண்ணும் செய்ய மாட்டேன், கிள்ள மாட்டேன், சாப்பிடுங்க.

மாட்டேங்கிறாக சார். ஒதட்ட இறுக்கிக் கடிச்சுக்கிட்டாக. நான் தின்ன மாட்டேன் பஞ்சவர்ணம், நான் திங்கவே இல்லைங்கிறாக. நான் சோதிச்சுப் பாக்கிறேன்னு நெனைக்கிறாக. எத்தனையோ தரம் இப்படிச் சோத்த நீட்டித்தான் சோதிச்சுருக்கேன், இப்ப என் பேச்ச எப்படி நம்புவாக? நீங்க இங்க வாங்க சார், கிட்டத்துல வாங்க. அந்த இடுக்கை அகலமாக்கியாச்சுன்னு அவுக காதுல விழுறாப்புல சத்தமாச் சொல்லுங்க.